பூஜ்யம் காட்டிய அறை

அத்தியாயம் பதினான்கு

மூன்று மாதமாக மாங்கு மாங்கென்று எழுதிய அறிக்கை ஒருவழியாகப் போன வாரம் முடிந்தது. நாற்பத்திரண்டு பக்கம், ஆறு வரைபடம், கடைசிப் பக்கத்தில் பரிந்துரை. நகராட்சி ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். ஆகவே தரைத்தளத்தை, வெளியூர்க் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து உழைப்பவர்கள் வந்து உட்காரும் தொலைவேலை மையமாக்கி ஊர் மக்களுக்குத் திறந்துவிடலாம் என்பதே பரிந்துரை. எழுதியவளை ஆபீஸில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சதுரடி மேடம்' என்பார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் சுவரை அளந்துவிடுகிற கண் அவளுக்கு. எந்தப் பிரிவுக்கு எந்த அறை என்று பங்கிடும் இடப்பிரிவு அதிகாரிக்கு அந்தக் கண் இருக்கத்தான் வேண்டும்.

இன்று பதினொரு மணிக்கு மன்றக் கூட்டம். நான்காவது தீர்மானம் அவளுடையது.

அதே தரைத்தளத்தில்தான் அவளுடைய அக்கா வேலை பார்க்கிறாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. இதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தப்பு தங்கையின் மேல். அதை அவளே ஒப்புக்கொள்வாள், மனதுக்குள் மட்டும்.

காலை ஏழரைக்கே வீடு அமர்க்களப்பட்டது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு காகிதக் கட்டுடன் மகள் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

"அம்மா, மையம் வேணும்னு முன்னூத்திப் பன்னெண்டு கையெழுத்து. நேத்து ராத்திரி கூட நாலு சேர்ந்துது. எனக்குப் பேச மூணு நிமிஷம் தந்திருக்காங்க."

மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா வாசலில் நின்றபடியே சிரித்தார். "மூணு நிமிஷத்துல இவ நிறுத்திடுவாளா? செருப்பு எங்கேன்னு கேக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்குவா."

"சிரிக்காதீங்கப்பா. போன செவ்வாய்க்கிழமை பூரா நான் ஒரு ஆள்கிட்ட நேர்ல பேசல. சாயங்காலம் கூரியர்காரர் வந்தாரு. கையெழுத்துப் போட்டுட்டு, 'நல்லா இருக்கீங்களா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேட்டு வெச்சுட்டேன். பாவம், அவரு ரெண்டு அடி பின்னால போயிட்டாரு."

அப்பா மறுபடி சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கோ தூரத்து ஊரில் இருக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கு இரண்டரை வருடமாகப் படுக்கையறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் பெண். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு மேசை. கேமராவில் பீரோ தெரியக்கூடாதென்று பின்னால் ஒரு போர்வையைக் கட்டியிருந்தாள். வாயாடிப் பெண்; அடுத்த வீட்டுச் சண்டையைக் கூட மூன்று குரலில் நடித்துக் காட்டுவாள். இப்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் 'உம்' என்கிறாள், 'ம்ஹும்' என்கிறாள், எழுந்து போய்விடுகிறாள். நாற்பத்திரண்டு பக்கத்தையும் இவளுக்காகத்தான் எழுதினேன் என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை.

"பெரியம்மாகிட்ட சொல்லிட்டியாம்மா? அவங்க டீமும் கீழதானே இருக்காங்க?"

"எல்லாருக்கும் மெயில் போயிருக்கு."

"மெயில் கிடக்கட்டும். நீ சொன்னியா?"

"அவங்களுக்கு அந்த அறையே தேவைப்படலடி. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்கிறது ஃபோன்லயே வந்துடுது. ஆறு வாரம் கருவி வெச்சு அளந்தாச்சு. ஒருத்தரும் உட்கார்றதில்ல. பூஜ்யம்."

"பூஜ்யமா?" என்றாள் மகள். அதற்குள் பையைக் காணோம் என்று உள்ளே ஓடிவிட்டாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அந்தப் 'பூஜ்யமா?' சதுரடியை விடவில்லை.

அக்காவின் பிரிவில் பதினோரு பெண்கள். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது அவர்கள் வேலை. காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் முதல் சுற்று முடிந்து, மதியச் சுற்றுக்குக் கிளம்புவதற்கு முன் பத்து மணியிலிருந்து அரை மணி நேரம் அந்த அறையில் கூடுவார்கள். அன்றைக்கு யாருக்கு வீடு கஷ்டமாக இருந்ததோ அவள் முதலில் பேசுவாள். அங்கே பேசியது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எழுதிவைக்காத ஒரே விதி அது.

சதுரடி பதினோரு வருடம் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போய் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள். வேறு பிரிவுக்காரி என்று யாரும் நினைத்ததில்லை. அக்காவின் தங்கை, அதனால் 'சின்னக்கா'.

எட்டு மாதத்துக்கு முன் 'நெட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு தெருவில் சுறுசுறுப்பான ஒரு கிழவி. அவளுக்கென்று கொடுத்த நேரத்தில் நெட்டை பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு, எதிர் வீட்டில் மனைவியை இழந்து அழுதுகொண்டே இருக்கும் ஒரு பெரியவருக்குத் தினமும் கொடுக்கிறாளாம். சதுரடிக்கு மனசு இளகிப்போயிற்று. மூன்றாம் மாடியில் காபி குடிக்கும்போது, 'எங்க அக்கா டீம்ல எப்பேர்ப்பட்ட பொண்ணுங்க இருக்காங்க தெரியுமா' என்று பெருமையாகத்தான் சொன்னாள். வாய்க்கு வாய் மாறி அது மேலதிகாரியின் காதுக்குப் போனது. கொடுத்த நேரத்தைக் குறைத்தாள் என்று நெட்டைக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

"இனிமே நீ கீழ வராதே," என்றாள் அக்கா. அவ்வளவுதான். சத்தம் கூடப் போடவில்லை.

அன்றிலிருந்து அவள் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. கருவிகள் பூஜ்யம் காட்டியபோது அவளுக்கும் திக்கென்றுதான் இருந்தது. கேட்க வேண்டுமென்றால் கீழே போக வேண்டும். போனால் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் ஓடியது. ஒருவேளை கூடுவதையே நிறுத்திவிட்டார்களோ என்னவோ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பராமரிப்புப் பெண்கள் ஆபீஸ் மெயிலைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் மெயில் அனுப்பினாள்.

பத்தேகாலுக்கு மன்றச் செயலாளர் அவசரமாக வந்தார். எப்போதும் வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடுகிற மனிதர்.

"மேடம், திரையில போட ஒரு ஃபோட்டோ வேணும். வெறும் வரைபடத்தைப் பாத்தா கவுன்சிலருங்க தூங்கிடுவாங்க. கீழ போய் அந்தக் காலி அறையை ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்களேன். நல்லா காலியா தெரியற மாதிரி."

வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

படியிறங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தள்ளித் திறந்தாள்.

சுவரோரமாகப் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றின் அடியிலும் கட்டைவிரல் அகலத்தில் சாம்பல் நிறக் கருவி. மேசைக்கு எதிரே யாராவது உட்கார்ந்து முழங்கால் உள்ளே வந்தால் அது எண்ணிக்கொள்ளும். மேசைகளுக்கு முன்னால் ஒரு நாற்காலி கூட இல்லை. எல்லாவற்றையும் அறையின் நடுவே இழுத்துப் போட்டு, வட்டமாக, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற நெருக்கத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கருவிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. மேசைக்கு அடியில் யாருமே இல்லைதான்.

கருவியை எங்கே பொருத்தட்டும் என்று கேட்ட ஆளிடம் 'மேசைக்கு அடியில்' என்று சொன்னவள் அவளே. ஆபீஸ் என்றால் மேசையில்தானே உட்காருவார்கள்! பதினோரு வருடம் இதே வட்டத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தவளுக்கு அது உறைக்கவில்லை. அறையை அளந்த அந்தக் கண்ணைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா தலையை உயர்த்திப் பார்த்தாள். மற்றவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். வட்டத்தில் எதிரே இருந்த நெட்டைதான் எழுந்தாள். மூலையில் கிடந்த ஒரு நாற்காலியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து, தன் பக்கத்தில் போட்டாள்.

"உட்காருங்க சின்னக்கா."

"அவ இப்பதான் சொல்ல ஆரம்பிச்சா," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. "உட்காரு, கேப்போம்."

அவள் உட்கார்ந்தாள். கையில் ஃபோன் இருந்தது.

பருமனான ஒரு பெண் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாலு வருடமாகப் போகிற வீடு. இன்று காலை அந்தப் பெரியவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "திருடின்னு நினைச்சுட்டாரு. வெந்நீர் வைக்கப் போனவளைக் குளியலறையில வெச்சுப் பூட்டிட்டாரு. என்ன பண்றது? உள்ள உட்கார்ந்துக்கிட்டே பாட்டுப் பாடினேன். நாலாவது பாட்டுக்குக் கதவைத் திறந்தாரு. 'அட, நீ எப்பம்மா வந்தே'ன்னாரு!"

"மூணு பாட்டு அவருக்குப் பிடிக்கல போலிருக்கு," என்றாள் நெட்டை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பருமனானவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அக்கா அவள் முழங்காலில் கையை வைத்தாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

சதுரடியின் கையில் ஃபோன் அதிர்ந்தது. செயலாளர். 'படம்?'

ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்தரைக்கு எல்லோரும் எழுந்து பைகளை மாட்டிக்கொண்டார்கள். அன்றைய குறிப்புகளை எழுத அக்கா மட்டும் தங்குவாள். வாசலில் தங்கையின் அருகே வந்து நின்றாள்.

"காபி கூட எடுத்துட்டு வரலியே நீ."

"அவசரமா வந்தேன்."

"நாளைக்கு எடுத்துட்டு வா. இங்க வர்ற காபி கழுநீராட்டம் இருக்கு."

'அக்கா, இன்னும் அரை மணியில இந்த அறை போகப்போகுது' என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. எட்டு மாதம் கழித்து அக்கா இப்போதுதான் முகம் கொடுத்துப் பேசுகிறாள். இப்போது போய் இதையா சொல்வது? மேலே போய்த் தீர்மானத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டால் ஆயிற்று. அக்காவுக்குத் தெரியாமலேயே சரிசெய்துவிடலாம். அப்படி நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு அவள் படியேறினாள். பின்னால் எத்தனையோ நாள் அவள் நினைத்து நினைத்து மருகியது இந்த ஒரு தலையாட்டலைத்தான்.

மன்ற அறை வாசலில் செயலாளர் பரபரத்துக்கொண்டிருந்தார்.

"படம் எடுக்க முடியல சார். அங்க ஆளுங்க இருந்தாங்க."

"சுத்தம் பண்றவங்களா? பரவால்ல, வரைபடத்தையே போட்டுக்கறேன்."

"இல்ல சார், நாலாவது தீர்மானத்தைக் கொஞ்சம்..."

"உட்காருங்க மேடம், தலைவர் வந்துட்டாங்க."

பதின்மூன்று கவுன்சிலர்கள். பார்வையாளர் வரிசையில் முப்பது பேருக்கு மேல்; பெரும்பாலும் மகளின் வயது. மூன்றாம் வரிசையில் மகள் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மூன்று தீர்மானமும் இருபது நிமிடத்தில் முடிந்தன. நான்காவதற்கு மகள் பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

மகள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கூரியர்காரர் கதையைச் சொன்னாள். சபை சிரித்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு நல்ல வேலை இருக்கு, வீடு இருக்கு, அம்மா அப்பா இருக்காங்க. ஆனா காலையில எழுந்து போறதுக்கு ஒரு இடம் இல்ல. பக்கத்து மேசையில யாராவது தும்மினா போதும்னு இருக்கு. நாங்க கேக்கறது அவ்வளவுதான்." மூன்று நிமிடத்துக்குப் பத்து வினாடி குறைவு. தலைவர் கூட மேசையைத் தட்டினார்.

சதுரடியின் கண் நிறைந்துவிட்டது. இரண்டரை வருடத்துக்கு அப்புறம் பெண் இவ்வளவு பேசி இன்றுதான் கேட்கிறாள்.

ஒருகாலத்தில் தபால்காரராக இருந்த கவுன்சிலர் ஒருவர் கையைத் தூக்கினார். ஊரில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டினவர். "எனக்கு ஒரு சந்தேகம். வயசானவங்க வீட்டுக்குப் போற பொண்ணுங்க அங்கதானே இருந்தாங்க? அவங்களுக்கு இடம் வேணாமா?"

"அதிகாரி பதில் சொல்வாங்க," என்றார் தலைவர்.

அவள் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள். 'அளந்தது தப்பு.' இரண்டே சொல். மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். மகள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அவளையே பார்த்துச் சிரித்தாள்.

"அளவீட்டின்படி ஆறு வாரத்துல அந்த அறையோட பயன்பாடு பூஜ்யம்."

"அளவீடு இருக்கட்டும். நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பொய் சொன்னாள் என்று யாரும் அவளைப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்துவிட்டு வந்தாள். தபால்காரர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு நான்கு. மாதக் கடைசிக்குள் தரைத்தளத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பராமரிப்புப் பிரிவு இனி ஃபோன் வழியாகவே இயங்கும் என்று தீர்மானம் நிறைவேறியது.

கைதட்டல் அடங்குவதற்குள் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அம்மா! ஜெயிச்சுட்டோம்மா! இரு, பெரியம்மா கிளம்பறதுக்குள்ள சொல்லிட்டு வந்துடறேன்."

"ஏய், நில்லுடி. நான் சொல்றேன்..."

மகள் ஏற்கெனவே இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள். அம்மா படியின் மேல்முனையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்து அவளைச் சுற்றிக்கொண்டு போனது. சிலர் வாழ்த்துச் சொன்னார்கள். செயலாளர், "பிரமாதம் மேடம்," என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே ஓடினார்.

பத்து நிமிடம் கழித்து இருவரும் மேலே வந்தார்கள். மகள் முன்னால், ஒவ்வொரு படியாக. பின்னால் அக்கா, மதியச் சுற்றுக்கு மாட்டிய பையோடு.

"தினமும் பதினோரு பேர் உட்கார்றாங்களாமேம்மா," என்றாள் மகள். முகம் வெளுத்திருந்தது. "பெரியம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல. நான் போய் இனிப்பு எங்கேன்னு கேட்டேன் அவங்களை. நீ எங்கிட்ட பூஜ்யம்னு சொன்னியே?"

"கருவியில அப்படித்தான்..."

"அவங்களை எழுப்பி அனுப்பிட்டு, அங்க போய் உட்கார்ந்துக்கிட்டு, நான் யாருகிட்டம்மா பேசறது?"

"நீ சும்மா இரு கண்ணு," என்றாள் அக்கா. தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். காலையில வந்து எங்களோட உட்கார்ந்தியே, அறை போகப்போகுதுன்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப எதுக்கு வந்தே?"

"ஃபோட்டோ எடுக்க. காலி அறைன்னு திரையில போடறதுக்கு."

அக்கா பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"நீ உள்ள வந்தப்ப எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்காதீங்கன்னு நான்தான் கண்ணைக் காட்டினேன். மன்னிப்புக் கேக்க வந்திருக்கே, வாய் வரலைன்னு நினைச்சேன். நீ மேல போனப்புறம் நெட்டை என்ன சொன்னா தெரியுமா? 'சின்னக்கா மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம்க்கா, படியிறங்கி வந்தாங்களே, அதுவே போதும்'னா. சந்தோஷமாத்தான் வேலைக்குப் போனா."

"நான் திருத்தி எழுதிக் கொடுக்கறேன்க்கா. அளந்ததே தப்புன்னு எழுதறேன். இன்னிக்கே எழுதறேன்."

"எழுது, இல்ல எழுதாமப் போ. அது உன் ஆபீஸ் விஷயம். சாயங்காலம் அவ திரும்பி வருவா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் சொல்லு."

சதுரடி வாயைத் திறந்தாள். எத்தனையோ சாக்குகள் வரிசையாக வந்து நின்றன. எதையும் நெட்டையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. இந்தத் தடவை உண்மையாகவே மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள், வார்த்தைதான் வரவில்லை. அக்கா எப்படி நம்புவாள்?

அக்கா பதிலுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு கிழவி சாப்பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தையும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "பெரியம்மா, இருங்க, நானும் வரேன்," என்று பின்னாலேயே இறங்கினாள்.